பத்தொன்பது படங்கள்

அன்று அந்த ஆஸ்பத்திரிக் கூடத்தில் ஏழு தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு பேர் மடியிலும் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள். கண்ணைப் படம் எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே பால் கொடுப்பதை நிறுத்திவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். இல்லாவிட்டால் அழுகிற அழுகையில் குழந்தை கக்கிவிடும், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஆகவே ஏழும் பசியில் கத்திக்கொண்டிருந்தன. கடைசி நாற்காலியில் இருந்தவளுக்கு அதுதான் முதல் தடவை. குழந்தை வீரிட வீரிட அவளுக்குப் பால் தானாகச் சுரந்து, சட்டையின் முன்பக்கம் முழுவதும் நனைந்துவிட்டது. எதிரே ஆண்கள் இருந்தார்கள். குழந்தையை அணைத்து மறைக்கப் பார்த்தாள். மறைக்கிற அளவுக்குக் குழந்தை பெரிதாக இல்லை.

அடுத்த பெயரைக் கூப்பிட வெளியே வந்த படக்காரம்மா அதைப் பார்த்தார். தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றினார், அவள் தோள்மேல் போட்டார், அதே மூச்சில் அடுத்த பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். மத்தியானம் மேற்பார்வையாளர் வந்து, "கோட்டு எங்கே?" என்று அதட்டியது கூடம் வரைக்கும் கேட்டது.

"காபி கொட்டிடுச்சு சார். அலசிப் போட்டிருக்கேன்."

அடுத்த வாரம் அவள் கோட்டைத் துவைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள். "அட, இது உங்ககிட்டயா இருந்துச்சு? நான் வீட்டைத் தலைகீழாப் புரட்டிட்டேன்!" என்றார் படக்காரம்மா, ஒன்றும் தெரியாதவர் போல.

படக்காரம்மா என்பது தாய்மார்கள் வைத்த பெயர். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அதற்கு முன் இருபத்தெட்டு வருஷம் ஒரு ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்தவர். எல்லோர் கையிலும் கேமரா போன் வந்த பிறகு ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள். வெளிச்சம் பற்றித் தெரிந்த ஆள் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்க, மூன்று மாதம் கற்றுக்கொண்டு இந்த அறைக்கு வந்தார். "அங்கேயும் 'கண்ணை மூடாதீங்க'ன்னு கெஞ்சுற வேலைதான், இங்கேயும் அதே வேலைதான். என்ன, அங்கே சிரிக்கச் சொன்னாச் சிரிப்பாங்க" என்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டில் இருந்தார். தம்பி மனைவிக்கும் அவருக்கும் ஒத்துப்போகும் ஒரே விஷயம் ரேடியோவில் வரும் காலைப் பிரார்த்தனை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஒவ்வொரு குழந்தையைப் படுக்கவைத்ததும் கேமராவைத் தொடுவதற்கு முன் ஒரு நொடி கண்ணை மூடுவார். உதடு அசையும். யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

வேலை இப்படி. குழந்தையின் கண்மணி விரிவதற்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவையாக மூன்று முறை சொட்டு மருந்து விடுவார்கள். பிறகு குழந்தையைத் துணியில் இறுக்கிச் சுற்றி, கண் மரத்துப்போக மருந்து விட்டு, இமைகளுக்கு நடுவே மெல்லிய கம்பியை வைத்து விலக்குவார்கள். கேமராவின் முனையை விழிமேல் ஒட்டிவைத்து, காலடியில் இருக்கும் கட்டையை மிதித்தால் படம் விழும். நடு, மேல், கீழ், மூக்குப் பக்கம், காதுப் பக்கம் என்று ஒரு கண்ணுக்கு ஐந்து. பெரிய டாக்டர் வேறு ஊரில் இருந்தார். படங்கள் அவருக்குக் கம்ப்யூட்டரில் போகும், அவர் பார்த்துச் சொல்வார். படம் எடுக்கிறவர் பலன் சொல்லக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு.

தாய்மார்கள் விடுவார்களா? வெளியே வரும் படக்காரம்மாவின் முகத்தை ஏழு ஜோடிக் கண்கள் துழாவும். அவர் ஒரு நாள் தும்மியதற்கு ஒருத்தி அழுதிருக்கிறாள். அதனால் அவர் முகமூடியைக் கழற்றாமலே வெளியே வரப் பழகிக்கொண்டார்.

கடைசி நாற்காலிக்காரி வேறு வழி கண்டுபிடித்தாள். அவள் திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை செய்பவள். நாள் முழுக்கத் தையல் மிஷினின் கால்பலகையோடு பழகிய காது அவளுக்கு. கதவுக்கு வெளியே நின்றால் அழுகைச் சத்தத்துக்கு நடுவிலும் மிதிகட்டையின் 'டக்' அவளுக்குக் கேட்கும். வலது கண் ஐந்து, இடது கண் ஐந்து. பத்தாவது டக் விழுந்ததும் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு மூச்சு விடுவாள்.

அவளுடைய மகள் மூன்று மாதம் முன்கூட்டியே பிறந்தவள். எடை தொள்ளாயிரம் கிராம். கண்ணாடிப் பெட்டியில் கிடந்தபோது நர்சுகள் 'பொட்டு' என்று கூப்பிட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது. இரண்டு மாதத்தில் வீட்டுக்கு வந்தாள். அந்த வாரமே எடுத்த படத்தில், விழித்திரையில் ரத்தக் குழாய்கள் ஓரம் வரை வளராமல் பாதியிலேயே நின்று, கண்டபடி முளைக்கத் தொடங்கியிருப்பது தெரிந்தது. இரண்டு கண்ணிலும் ஊசி போட்டார்கள். மயக்கம் கொடுத்துப் போட்ட ஊசி. முடிந்த பிறகு பொட்டு தானாக மூச்சு விடவில்லை. மூன்று நாள் மிஷின்தான் அவளுக்காக மூச்சு விட்டது. அந்த மூன்று நாளும் தாய் தண்ணீர் தவிர வேறெதுவும் வாயில் வைக்கவில்லை.

ஊசிக்கு நோய் அடங்கியது. ஆனால் ஊசி போட்ட கண்ணில் மூன்று மாதம், நான்கு மாதம் கழித்துக்கூட நோய் திரும்பி வரலாம், அப்படி வந்தால் ஓரத்தில்தான் முதலில் தெரியும் என்றார்கள். அவளுக்கு அது சரியாகப் புரியவில்லை. படக்காரம்மாதான் சொன்னார்: "திரைச்சீலை தைக்கிறீங்களே, நடுவுல துணி எவ்வளவு நல்லா இருந்தாலும் ஓரம் பிரிய ஆரம்பிச்சா என்ன ஆகும்?"

"மொத்தமும் போயிடும் அக்கா."

"அதான் அந்த ஓரத்தைப் படம் எடுக்காம உங்களை விட மாட்டேங்கிறேன்."

ஊசி போட்டுப் பன்னிரண்டாவது வாரம். கணவன் லிஃப்ட் மெக்கானிக், அவசர வேலை என்று கூப்பிட்டுவிட்டார்கள். அவனுடைய அக்கா துணைக்கு வந்தாள். அந்த நாத்தனாருக்குப் பொட்டு என்றால் உயிர், தம்பி மனைவி என்றால் பாதி உயிர்.

முதல் சொட்டு விழுந்ததும் பொட்டு அலறினாள். மருந்து எரியும். கன்னத்தில் மஞ்சளாக வழிந்தது.

"என்னம்மா பார்த்துக்கிட்டே இருக்க? புள்ள துடிக்குது, துடைச்சு விடு!"

"துடைக்கலாமா அண்ணி?"

"கண்ணுல தூசி விழுந்தாத் துடைக்கிறதில்லையா? பெத்தவளுக்கு இதுகூடவா சொல்லித் தரணும்?"

அவள் துணியை மடித்துக் கண்மேல் ஒற்றினாள். பொட்டு கொஞ்சம் அடங்கினாள். அடங்கியதும் அவளுக்கும் இதமாக இருந்தது. இரண்டாவது சொட்டுக்கும் அப்படியே, மூன்றாவதுக்கும் அப்படியே. துடைக்கக் கூடாது என்று சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பொடி எழுத்து. அவள் எழுத்துக் கூட்டிப் படிப்பவள், அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

கதவு சாத்தியது. அவள் எண்ணத் தொடங்கினாள். வலது கண் ஐந்து. ஆறு. ஏழு. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. எட்டு. பிறகு இடது கண் ஆரம்பித்தது. பத்து வந்தது, போனது. பதின்மூன்று. உள்ளே பொட்டுவின் குரல் கம்மிவிட்டது. பதினாறு. அவள் கதவில் காதை ஒட்டிவைத்துக்கொண்டாள்.

"என்ன, கல்யாண ஆல்பமா போடுறாங்க உள்ளே?" என்றாள் நாத்தனார். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வரவில்லை.

பத்தொன்பது. கதவு திறந்தது.

படக்காரம்மா முகமூடியோடுதான் இருந்தார். குழந்தையைக் கையில் கொடுத்தார். "கண்மணி சரியா விரியலை. வழக்கமா நல்லா விரியுமே. மருந்து விட்டதும் கண்ணைத் துடைச்சீங்களா?"

நாத்தனார் பக்கத்தில் நின்றாள். சற்று முன்புதான் மருந்து விடும் நர்ஸ் வேறொரு தாயைப் பால் கொடுத்ததற்காக எல்லோர் முன்னாலும் வைது தீர்த்திருந்தாள். அந்தத் தாயின் முகம் போன போக்கை இவள் பார்த்திருந்தாள்.

"இல்ல அக்கா" என்றாள்.

படக்காரம்மா ஒரு கணம் அவளையே பார்த்தார். "சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பன்னிரண்டு மணிக்கு நர்ஸ் வந்து உட்காரச் சொன்னாள். உட்காரச் சொன்னாலே விஷயம் பெரிது என்று அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். பெரிய டாக்டர் படங்களைப் பார்த்துவிட்டாராம். ஓரம் மங்கலாக இருக்கிறது. மங்கல் ஒரு பக்கம் இருக்கட்டும், நன்றாக விரிந்துகொண்டிருந்த கண்மணி திடீரென்று விரிய மறுப்பது நோய் மூர்க்கமாகத் திரும்புவதற்கு ஒரு அடையாளமாம். காத்திருக்க முடியாது. நாளைக் காலை டாக்டரே வருகிறார், மயக்கம் கொடுத்து இரண்டு கண்ணுக்கும் லேசர். இதில் கையெழுத்துப் போடுங்கள்.

அவள் காகிதத்தை வாங்கினாள். மயக்கம் என்ற சொல் ஒன்றுதான் அவள் காதில் நின்றது. மூன்று நாள் ஏறி இறங்கிய அந்த மிஷினின் சத்தம் நெஞ்சுக்குள் மறுபடி கேட்டது.

கணவனுக்குப் போன் போட்டாள். "நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல தொங்கிக்கிட்டு இருக்கேன். டாக்டர் சொன்னாச் செய்யத்தானே வேணும்? நீ பயப்படாதே, நான் வந்துடுறேன்" என்றான். அவன் குரலிலேயே பயம் இருந்தது.

போனை வைத்துவிட்டு நாத்தனாரிடம் மெல்லச் சொன்னாள்: "அண்ணி, நாம துடைச்சதாலதான் விரியலையோ என்னவோ."

"வாயை மூடு. இப்பப் போய் அதைச் சொன்னா நம்ம தலையை உருட்டுவாங்க. இத்தனை படிச்ச டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுடுச்சு?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஒருவேளை நோய் உண்மையிலேயே திரும்பியிருந்து, இவள் உளறி வைத்து, லேசர் தள்ளிப்போய், கண் போய்விட்டால்? சொல்லாமல் இருந்து, நோயே இல்லாத கண்ணுக்காக மயக்கம் கொடுத்து, குழந்தை மூச்சு விடாமல் போய்விட்டால்? இந்தப் பக்கம் திரும்பினாலும் அடி, அந்தப் பக்கம் திரும்பினாலும் அடி. குழந்தையை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டுப் படிக்கட்டுக்குப் போனாள். யாரும் வராத திருப்பத்தில் சுவரில் நெற்றியை வைத்து நின்றாள். "ஆண்டவா, நான் பொய் சொல்லிட்டேன். எது சரின்னு எனக்குத் தெரியலை. பொய்யை மட்டும் எடுத்துடுறேன், மிச்சத்தை நீ பார்த்துக்கோ" என்றாள்.

படக்காரம்மா தன் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். முகமூடி இல்லை. முகமூடி இல்லாத அந்த முகத்தை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. களைத்த, சாதாரணமான முகம்.

"அக்கா, நான் துடைச்சேன்."

படக்காரம்மா கையிலிருந்த கவளத்தை டப்பாவிலேயே வைத்தார். "எத்தனை தடவை?"

"மூணு தடவையும். அழுதாளேன்னு துணியால நல்லா ஒத்தி எடுத்துட்டேன். இடது கண்ணுல இன்னும் அதிகமா. கேட்டப்போ பயத்துல இல்லன்னு சொல்லிட்டேன்."

திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டாள். படக்காரம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து போனை எடுத்தார்.

"டாக்டர், காலையில பார்த்தோமே, அந்தப் பொட்டு. மருந்து கண்ணுல நிக்கவே இல்லையாம். துடைச்சிருக்காங்க. ஆமா, மூணு தடவையும். இல்ல டாக்டர், யாரும் கண்டுபிடிக்கலை, அம்மாவே வந்து சொன்னாங்க. துடைக்கக் கூடாதுன்னு நாமும் வாயால சொல்லலை டாக்டர், சுவத்துல ஒட்டி வச்சதோட சரி."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "சரி டாக்டர், சரி டாக்டர்" என்று நாலைந்து தடவை கேட்டது. போனை வைத்தார்.

"இன்னிக்கு இன்னொரு தடவை மருந்து விடக் கூடாது. சின்ன உடம்பு, ரத்தக் கொதிப்பு ஏறிடும். நாளைக்குக் காலையில முதல் ஆளா வாங்க. முதல்ல படம். அதைப் பார்த்துட்டுத்தான் லேசரா இல்லையான்னு டாக்டர் முடிவு பண்ணுவார்."

"ஒண்ணும் இருக்காதுல்ல அக்கா?"

"அது எனக்குத் தெரியாதும்மா" என்றார் படக்காரம்மா. முகமூடி இல்லாமல் சொன்னதால், அவருக்கு உண்மையிலேயே தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்தது. அது இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் காலை சொட்டு விடும்போது படக்காரம்மாவே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பொட்டு அலறினாள். அவள் கை தானாகத் துணியைத் தேடியது. படக்காரம்மா அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கன்னத்தில் வழிந்ததை மட்டும் பஞ்சால் எடுத்தார். "அழட்டும். அழுதா நெஞ்சு பலமாகும். எங்க தம்பி மகன் ஒண்ணரை வருஷம் அழுதான், இப்போ பஸ் கண்டக்டர். ஊரே எழுந்திரிக்கிற குரல்."

மூன்றாவது சொட்டுக்குப் பிறகு டார்ச் அடித்துப் பார்த்தார்கள். இரண்டு கண்மணியும் நன்றாக, கறுப்பாக, அகலமாக விரிந்திருந்தன. நாத்தனார் தன் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தாள்.

கதவு சாத்தியது. கணவனும் வந்திருந்தான், அவன் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். வலது கண்ணுக்கு ஐந்து, வரிசையாக, தையல் விழுவது போல. இடது கண்ணுக்கும் ஐந்து. பத்து. அவள் மூச்சை விடப் போனாள். பதினொன்று விழுந்தது. பன்னிரண்டும் விழுந்தது.

அன்று பெரிய டாக்டர் அங்கேயே இருந்ததால் அவர்களை உள்ளே கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். பொட்டுவின் கண்ணுக்குள் இருப்பதை அவள் முதல் தடவையாகப் பார்த்தாள். ஆரஞ்சுத் தோல் நிறத்தில் ஒரு வட்டம், அதில் சிவப்புக் கிளைகள். வலது கண்ணில் கிளைகள் அநேகமாக விளிம்பு வரை போயிருந்தன. டாக்டர் அந்தப் படத்தை நகர்த்தினார். "இதைத் தொட வேண்டாம். பார்த்துக்கிட்டே வந்தாப் போதும்." பிறகு இடது கண். காதுப் பக்கம் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு, நூல் பிரிந்து நிற்பது போல. அதைக் காட்டத்தான் கடைசி இரண்டு டக்.

"வருது" என்றார் டாக்டர். "ஆனா ஆரம்பம்தான். இந்த ஒரு கண்ணுக்கு மட்டும் லேசர் போடுறோம். மயக்க நேரம் பாதியாக் குறையும். நேத்துப் படத்தை வச்சு இதைச் சொல்லியிருக்க முடியாது."

அவள் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் கணவனைப் பார்த்தாள். அவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கையெழுத்துப் போட்டார்கள்.

லேசர் முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணியும் நாத்தனார் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். திடீரென்று மருந்து விடும் நர்ஸ் முன்னால் போய் நின்று, "துடைக்கச் சொன்னது நான்தான். இவ மேல தப்பு இல்ல. எழுதுறதுன்னா என் பேர்ல எழுதிக்கோங்க" என்றாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "உட்காருங்கம்மா, யாரும் எதையும் எழுதலை" என்றாள் நர்ஸ்.

கதவு திறந்தபோது தாய் பொட்டுவின் கண்ணைப் பார்க்கவில்லை, நெஞ்சைத்தான் பார்த்தாள். ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. சாயங்காலம் வரைக்கும் அந்த நெஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். பொட்டு தானாகவே மூச்சு விட்டாள். ஆறு மணிக்குப் பசி என்று கத்தினாள்.

அதற்குப் பிறகும் பயம் விட்டுப் போகவில்லை. மாதம் ஒரு தடவை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்று போய்க்கொண்டே இருந்தார்கள். அந்த வெள்ளைக் கோடு மெல்ல மெல்ல மறைந்தது. லேசர் பட்ட இடத்தில் புள்ளி புள்ளியாகத் தழும்பு நின்றது. ஒவ்வொரு தடவையும் கதவுக்கு வெளியே நின்று அவள் எண்ணுவாள். வீட்டில் பொட்டு நிலைவாசலில் இடித்துக்கொண்டால்கூட, கண் தெரியவில்லையோ என்று விளக்கைப் போட்டு அணைத்துப் பார்ப்பாள். இரண்டு வயதில் கண்ணாடி போட்டார்கள். தடித்த கண்ணாடி. நாத்தனார் அதைப் பார்த்து, "எங்க வீட்டு வக்கீலம்மா வந்துட்டாங்க, வழி விடுங்க" என்று கிண்டல் செய்வாள். செய்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

இதற்கிடையில் படக்காரம்மா ஒரு காரியம் செய்தார். சுவரில் இருந்த பொடி எழுத்துக் காகிதத்தைக் கிழித்துவிட்டு, மருந்து விடுவதற்கு முன் ஒவ்வொரு தாயிடமும் நேரில் போய், "கன்னத்தைத் துடைங்க, கண்ணைத் தொடாதீங்க. அழுதாலும் தொடாதீங்க. தெரியாம தொட்டுட்டீங்கன்னா என்கிட்ட சொல்லுங்க, நான் திட்ட மாட்டேன்" என்று சொல்லத் தொடங்கினார். ஒரு நாளில் இருபது பேர் வந்தால் இருபது தடவை. மேற்பார்வையாளர் நேரம் வீணாகிறது என்றார். "ஆமா சார்" என்று சொல்லிவிட்டு மறுநாளும் சொன்னார்.

பொட்டுவுக்கு மூன்றரை வயது ஆனபோது கம்பியும் துணிச்சுற்றும் வேண்டியிருக்கவில்லை. தாய் மடியில் உட்கார்ந்து, முகவாயைத் தாங்கியில் வைத்து, பச்சை விளக்கைப் பார்க்கும் வேறு மிஷின். அன்று படம் எடுத்து முடிந்ததும், இந்த மாதக் கடைசியோடு தான் நின்றுவிடப் போவதாகப் படக்காரம்மா சொன்னார். பத்து வருஷம் கட்டையை மிதித்து மிதித்து வலது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. தம்பி குடும்பம் வேறு ஊருக்குப் போகிறது, அவரும் கூடப் போகிறார்.

டாக்டரைவிட இந்த மனுஷியைத்தான் அவள் நம்பி வந்திருக்கிறாள். வாசல்வரை படக்காரம்மா நொண்டிக்கொண்டே கூட வந்தார். பொட்டு முன்னால் ஓடினாள், படியில் நின்று, கண்ணாடியை ஒரு விரலால் தூக்கிவிட்டு, இறங்கினாள்.

"அக்கா, நீங்க போயிட்டா நான் என்ன செய்வேன்? இவ கண்ணு இனிமே நல்லாத்தானே இருக்கும்? இப்பவாவது சொல்லுங்க."

படக்காரம்மா முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அதை யாராலும் சொல்ல முடியாதும்மா. நான் ஒண்ணே ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. கண்ணாடி போட்டாச்சு, பள்ளிக்கூடம் போறா, ஓடியாடுறான்னு வராம இருந்துடாதீங்க. அவ வளர்ந்து பெரிய மனுஷி ஆனாலும் வருஷத்துக்கு ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. கண்ணுல கறுப்பா ஏதோ பறக்குது, மின்னல் மாதிரி அடிக்குதுன்னு எப்பச் சொன்னாலும், அது கண்ணுக்குள்ள திரை பிரியுறதுக்கு அடையாளம், அன்னிக்கே வந்துடுங்க, விடியட்டும்னு இருக்காதீங்க. எனக்கு அடுத்து வர்ற பொண்ணு சின்னப் பொண்ணு, கொஞ்ச நாளைக்குக் கை நடுங்கும். கோவிச்சுக்காதீங்க. ஆனா ஓரம் சரியா விழலைன்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா, இன்னொரு படம் எடுக்கச் சொல்லுங்க. நீங்க கேக்கலாம்மா. தயங்காம கேளுங்க."